ரெண்டு சென்ட் புல்லு

வாங்க தம்பி, உக்காருங்க. பையி எதுக்கு மடிமேல, மேல வச்சுருங்க, ஒண்ணும் ஆகாது. உடுமலைங்களா? நானும் உடுமலைதான். அங்க எறங்கி மடத்துக்குளத்துக்கு இன்னொரு பஸ்சு மாறோணும். டிக்கெட்ட அப்புடி வாட்சு வார்ல சொருகாதீங்க, காத்துக்குப் பறந்துரும். சட்டைப் பையில வைங்க. ஆங். பழக்கதோசம், தப்பா நெனைக்காதீங்க. கண்டக்டரா பதினெட்டு வருசம், செக்கிங் இன்ஸ்பெக்டரா பதிமூணு வருசம் இந்தப் பக்கத்து ரூட்டுலதான் கெடந்தேன். பேரு சென்னியப்பன். ரிட்டயர்டு ஆயி பத்து வருசம் ஆச்சு. இன்னைக்கும் பஸ்சுல ஏறுனா எவன் டிக்கெட் எடுக்கலைன்னுதான் கண்ணு தேடுது.

நா எதுக்குப் போறேன்னு சொன்னா சிரிப்பீங்க. ஒரு நாயப் பாக்கப் போறேன். சொந்த நாயில்லீங்க, பக்கத்து வீட்டு நாயி. பக்கத்து வீடு கோயமுத்தூர்ல இருக்குது, நாயி மடத்துக்குளத்துல இருக்குது. அது அங்க போனதுக்குக் காரணம் நாந்தான். அதப் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட வாயத் தெறந்து சொல்லோணும். மூணு மாசமா சொல்லல. தினமும் காத்தால சொல்லிரலாம்னு கெளம்பறேன், அவங்க வீட்டு கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பிர்றேன். கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவேன், காதக் கிட்டக் குடுங்க. இந்த வண்டி சத்தத்துல கேக்காட்டி கேளுங்க, திருப்பிச் சொல்றேன்.

என்ற பொண்ணு மெல்போர்ன்ல இருக்குதுங்க. சுகன்யா. ஒரே பொண்ணு. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. பேத்தி ஒண்ணு, தியான்னு பேரு, ரெண்டு வயசு. இன்னும் நேர்ல பாக்கலீங்க, போன்ல பாக்கறதுதான். ஞாயித்துக்கெழமை காத்தால பத்து மணிக்குக் கூப்புடுவாங்க. போன வருசம் சித்திரையில கூப்புட்டப்ப பொண்ணு சொல்லுச்சு, "அப்பா, டிசம்பர் லீவுக்கு வர்றோம். அங்க எல்லாம் ஒரே சிமெண்டா இருக்குது, பாப்பா எங்க வெளையாடுவா? முன்னாடி புல்லு போட்டு வைங்க. இங்க எல்லா வீட்டுலயும் இருக்குது"ன்னு. போட்டோ அனுப்புச்சு. பச்சைப் பசேல்னு, காம்பவுண்டே இல்லாம. சரின்னுட்டேன். அஞ்சு வருசம் முன்னால என்ற சம்சாரம் தங்கமணி போயிட்டா. அதுக்கப்பறம் யாரும் என்னை ஒண்ணு பண்ணுன்னு கேக்கல. இதுதான் மொத தடவை. நா பண்ணாம இருப்பனுங்களா?

முன்னால ரெண்டு சென்ட் எடம். சிமெண்டை ஒடச்சு அள்ளிப்போட்டு, செம்மண்ணு கொட்டி, நர்சரியில சொல்லி மெக்சிகன் புல்லு போட்டேன். துண்டு துண்டா கொண்டாந்து பாய் விரிக்கற மாதிரி ஒட்டி விடுவாங்க. காம்பவுண்டையும் இடிச்சு முழங்கால் ஒசரத்துக்குக் கொண்டாந்துட்டேன். போட்டோல இருக்கற மாதிரி இருக்கோணும்ல. தெருவுல எல்லாரும் கேட்டாங்க, "ஏனுங்க, இருக்கற சொவுத்த இடிக்கறீங்க?"ன்னு. எங்க பாப்பா வருதுன்னு சொன்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேன்.

ஆடி மாசம் அந்தப் புல்லப் பாக்கோணுமே நீங்க. காத்தடிச்சா அப்புடியே சாஞ்சு எந்திரிக்கும். ஒருத்தரையும் மிதிக்க விடல. நானே மிதிக்க மாட்டேன், ஓரமாத்தான் நடப்பேன். பேப்பர் போடறவர்கிட்டக்கூட சொல்லிட்டேன், பேப்பர படிக்கட்டுல போடுங்க, புல்லு மேல போட்டா சந்தாவ நிறுத்திருவேன்னு. அவரு பேப்பர் போடறதயே நிறுத்திட்டாரு. சரி போகுது, அதுல என்னத்தப் படிக்கறதுக்கு இருக்குது.

பக்கத்து வீடு எஸ்தர் டீச்சர். கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க. கல்யாணம் பண்ணிக்கல. நாசரேத் பக்கம் சொந்த ஊரு, வேலைக்குன்னு வந்து இங்கயே தங்கிட்டாங்க. முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு, இன்னும் பேச்சுக்குப் பேச்சு "லா" போடுவாங்க. அவங்களுக்கு ஒரு நாயி, ரோசின்னு. சாதி நாயெல்லாம் இல்ல, தெருவுல கெடந்தத எடுத்து வளத்தது. செவலை நெறம், ஒரு காது மடிஞ்சிருக்கும். காத்தால ஆறேகாலுக்குக் கூட்டிட்டுக் கெளம்புவாங்க. அது நேரா என்ற சொவுத்தத் தாண்டிக் குதிக்கும். நடுப் புல்லுல போயி ஒக்காரும். ஒண்ணுக்குப் போயிட்டு, பின்னங்கால்ல நாலு தடவ பறிச்சு விட்டுட்டு, என்னைய ஒரு பார்வை பாக்கும். போலாமான்னு கேக்கற மாதிரி.

ஆவணியில மொத எடம் கருகுச்சு. கொழுக்கட்டை அளவுதான். பத்து நாள்ல நாலு எடம் ஆயிருச்சு. எனக்கு நெஞ்சுல யாரோ மிதிச்ச மாதிரி ஆயிருச்சு. சொன்னேன். "டீச்சர், உங்க நாயி என்ற புல்லக் கருக்கிருச்சு."

"அய்யோ, மன்னிச்சிருங்க சார். நாளையில இருந்து நான் தண்ணி கொண்டாரேன்"னாங்க. மறுநாள் ஒரு பாட்டில் தண்ணியோட வந்தாங்க. நாயி போன எடத்துல ஒடனே தண்ணிய ஊத்துனாங்க. "சூடு அடங்கிரும்லா சார், ஒண்ணும் ஆகாது." தினமும் ஊத்துனாங்க. அந்தம்மா ஊத்துன எடம் கருகலைங்கறது நெசம். அத நா அப்பச் சொல்லல.

ஆனா வேற எடம் கருகுச்சுங்களே! புரட்டாசி பொறந்து பத்து நாள்ல அங்க ஒண்ணு இங்க ஒண்ணு. எனக்கு எப்படி இருக்கும்? டிசம்பருக்கு மூணு மாசந்தான். நா விடுவனா? தெருவுல சொன்ன வைத்தியமெல்லாம் பண்ணுனேன். மொளகாத்தூள் தூவுனேன், நாயி தும்மிட்டுப் போயிருச்சு. அந்துருண்டை போட்டேன். எலுமிச்சம் தோலு போட்டேன். அப்பறம் பாட்டில். நீங்க பாத்திருப்பீங்க, வீட்டுக்கு வீடு கேட்டுல நீலத் தண்ணி பாட்டில் தொங்கும், அதக் கண்டா நாயி வராதும்பாங்க. பதினாலு பாட்டில்ல சொட்டு நீலம் கலக்கி புல்லச் சுத்தி வச்சேன். ரோசி வந்துச்சு. ஒவ்வொரு பாட்டிலா மோந்து பாத்துச்சு. கடைசிப் பாட்டில் மேலயே போயிருச்சு. டீச்சர் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு தம்பி, பொய் சொல்லக்கூடாது. ஆனா சிரிக்கல. சிரிச்சா எடங்குடுத்த மாதிரி ஆயிரும்ல.

அதுக்கப்பறம் டீச்சர் கயிறு கட்டிக் கூட்டிட்டு வந்தாங்க. எதிர்ச்சாரியில நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க, என்ற வீட்டுப் பக்கமே விடமாட்டாங்க. அப்பவும் கருகுச்சு. இது எப்படீங்க? நா செக்கிங்ல இருந்தவன். டிக்கெட் எடுத்தேன், தொலைஞ்சு போச்சுன்னு அழுவறவங்கள ஆயிரம் பேரப் பாத்திருக்கேன். நா உள்ள போனதும் கயித்த அவுத்து விடறாங்கன்னு முடிவு கட்டிட்டேன். நேராவே கேட்டேன். அந்தம்மா மொகம் சிவந்து போச்சு. "நான் எதுக்கு சார் பொய் சொல்லணும்? கயித்தக் கையை விட்டு எடுக்கவே இல்ல"ன்னாங்க. "அப்பறம் புல்லு தானாவே கருகுதுங்களா?"ன்னேன். பதில் சொல்லாமப் போயிட்டாங்க.

பதில் இல்லைன்னா தப்புப் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். பதிமூணு வருசம் அப்படித்தான் எனக்குப் பழக்கம்.

ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், எந்த மூலை, எவ்வளவு அகலம். பழைய எடத்தையும் சேத்துப் படம் வரைஞ்சு வச்சேன். காத்தால ஆறு மணிக்கே நாற்காலியப் போட்டு ஒக்காந்துக்குவேன். அவங்க கெளம்பறப்ப, "டீச்சர், கயிறு இறுக்கமா இருக்குதா?"ம்பேன். "இருக்கு சார்"ம்பாங்க. திரும்பி வர்றப்ப, "இன்னைக்கு ஒண்ணு எச்சா கருகியிருக்குது டீச்சர்"ம்பேன். "இன்னைக்கு நாங்க இந்தப் பக்கமே வரல சார்"ம்பாங்க. தினமும் இதேதான். ஒரு நாள் அவங்களுக்குக் காய்ச்சல், வரல. அன்னைக்குப் பூரா என்னமோ மாதிரி இருந்துச்சு எனக்கு. சாயங்காலம் அவங்க கேட்டுக்கிட்டப் போயி, "ஏன் வரல?"ன்னு கேட்டேன். கண்காணிக்கோணும்ல, அதுக்காக.

கார்த்திகையில பதினேழு எடம் ஆயிருச்சு. ஞாயித்துக்கெழமை பொண்ணுகிட்ட புல்லக் காட்டறப்ப நல்ல பக்கமாப் பாத்துக் காட்டுவேன். "சூப்பரா இருக்குதுப்பா"ங்கும். தியாக்குட்டி "அப்புச்சி"ன்னு ஒரு சொல்லு சொல்லும், அப்பறம் ஓடிரும். போன வச்சதும் எனக்குக் கோவம் வரும். இந்தக் கருகுன புல்லுல எப்படீங்க அந்தக் கொழந்தைய எறக்கி விடறது?

சங்கத்துக்கு எழுதிக் குடுத்தேன். எங்க லேஅவுட்டுல ஒரு குடியிருப்போர் சங்கம் இருக்குது. நோட்டு, படம், தேதி எல்லாம் வச்சு மூணு பக்கம் எழுதுனேன். செயலாளரு படிச்சுட்டு, "ஏனுங்க, இவ்வளவு வெவரமாவா?"ன்னாரு. "ஆமாங்க, வெவரம் இல்லாம புகார் எதுக்கு?"ன்னேன். அவரு போயி டீச்சர்கிட்டப் பேசிருக்காரு. நாய வெளியில கூட்டிட்டு வரக்கூடாது, வீட்டுக்குள்ளயே கட்டி வைங்கன்னு. ரெண்டு ரூம் வீட்டுல அந்த நாய எங்க கட்டறது? ரெண்டு நாள் கத்துச்சு. மூணாம் நாளு டீச்சர் என்ற வீட்டு கேட்டுக்கிட்ட வந்து நின்னாங்க.

"சார், நம்மகிட்டப் படிச்ச பையன் ஒருத்தன் மடத்துக்குளத்துல தென்னந்தோப்பு வச்சிருக்கான். ரோசிய அங்க விட்டுட்டு வந்துட்டேன். உங்க மக வாரப்ப புல்லு நல்லா இருக்கணும்லா. என்னால உங்களுக்கு ரொம்பச் சங்கடம். மன்னிச்சிருங்க சார்"னு சொன்னாங்க.

நா என்ன சொன்னேன் தெரியுங்களா? "சரி, விடுங்க"ன்னேன். பெரிய மனுசன் மாதிரி. "சரி, விடுங்க டீச்சர்"னு.

கெணத்துக்கடவு வந்துருச்சு பாருங்க. இந்த ஸ்டாப்புல இப்பெல்லாம் நின்னுட்டுத்தான் போறான். எங்க காலத்துல பாயிண்ட் டு பாயிண்ட்டுன்னா நிக்கமாட்டோம். டீ குடிக்கறீங்களா? வேண்டாம்னா சரி, எனக்கும் வேண்டாம். எறங்கினா சீட்டு போயிரும்.

அப்பறம் கேளுங்க. நாயி போயிருச்சா. டிசம்பர் வந்துருச்சா. பொண்ணு வர்றதுக்குப் பதினஞ்சு நாள் இருக்குது. புல்லு நல்லா கும்முனு எந்திரிச்சு நிக்கோணும்னு யூரியா போட்டேன். மாசம் ஒரு தடவை போடறதுதான். சிலசமயம் ரெண்டு தடவை. எங்கப்பாவுக்குச் சோளக்காடு இருந்துச்சு. யூரியாவக் கூடையில எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டு, கைய வீசி வீசிப் போடுவாரு. நானும் அப்படித்தான் வீசுவேன். இந்தத் தடவ பொண்ணு வருதுன்னு ஒரு கை எச்சாவே வீசுனேன்.

அஞ்சு நாள்ல புல்லு கருகிருச்சு. நாலா பக்கமும். இதுவரைக்கும் கருகுனதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்கற மாதிரி.

மொதல்ல என்ன நெனச்சேன்னா, வேற நாயி வருதுன்னு. தெரு நாயி. மூணு நாள் சன்னலோரம் ஒக்காந்து பாத்தேன். ஒரு காக்காகூட எறங்கல. அப்பறம் நர்சரி அம்மிணியக் கூப்புட்டேன், அமுதவல்லின்னு, அதுதான் புல்லு போட்டுக் குடுத்தது. வந்து குந்தி ஒக்காந்து புல்ல விரல்ல பிரிச்சுப் பாத்துச்சு. "அண்ணா, யூரியா போட்டீங்களா?"ன்னுச்சு. போட்டேன்னேன். "தண்ணி?" சாயங்காலமா ஊத்துனேன்னேன். எங்க லேஅவுட்டுல எட்டு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி வரும் தம்பி, பாத்துப் பாத்துத்தான் ஊத்தோணும்.

அந்த அம்மிணி எந்திரிச்சுச்சு. என்ற வலது கையப் புடிச்சு நீட்டி, கருகுன எடத்து மேல ஒரு வீசு வீச வச்சுச்சு. வளைவா கருகியிருக்குதுங்க. என்ற கை போற மாதிரியே போகுது. ஒரு முனையில இருந்து இன்னொரு முனை வரைக்கும், அளவெடுத்து வச்ச மாதிரி. "நாயி போனா வட்டமாக் கருகும்ண்ணா. நடுவுல பழுப்பா, சுத்தியும் கரும்பச்சையா வளையம் கட்டும். இது வெயில்ல காஞ்ச புல்லு மேல நீங்க வீசுன யூரியா. ரெண்டும் ஒரே சூடுதான், உருவந்தான் வேற"ன்னுச்சு.

எங்கப்பா தண்ணி கட்டி நிறுத்திட்டு வீசுவாரு தம்பி. வாய்க்கா மடை தெறந்து, காடு நனைஞ்சு நின்னப்பறம் வீசுவாரு. அது எனக்குத் தெரியும். சின்ன வயசுல பாத்திருக்கேன். வீசறத மட்டும் மனசுல வச்சுக்கிட்டேன், தண்ணிய மறந்துட்டேன்.

அம்மிணி போனப்பறம் நோட்ட எடுத்துப் பாத்தேன். எத்தனை எடம், என்ன உருவம்னு நாந்தான் படம் வரைஞ்சு வச்சிருக்கனே. பதினேழுல நாலுதான் வட்டம். அந்த நாலும் டீச்சர் தண்ணி கொண்டார ஆரம்பிக்கறதுக்கு முன்னால உள்ளது. மத்ததெல்லாம் வளைவு. என்ற கையாலயே வரைஞ்சு, தேதி போட்டு, சங்கத்துல குடுத்திருக்கேன். அந்தம்மா மேல. எத்தனை பேர மடக்கிப் புடிச்சு, தப்ப ஒத்துக்கறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுன்னு நிக்க வச்சிருக்கேன்! அப்ப எல்லாம் அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சதே இல்ல. அன்னைக்கு நெனச்சேன்.

ஒடனே போயி சொல்லியிருக்கலாம். அவங்க கேட்டுக்கிட்டப் போனேன். டீச்சர் வீட்டுக் கதவு சாத்தியிருந்துச்சு. நாயி போனதுல இருந்து அவங்க காத்தால வெளியில வர்றதில்ல. ஆறேகாலுக்கு எனக்கு முழிப்பு வந்துரும், நாற்காலியில ஒக்காந்திருப்பேன், தெருவுல ஒருத்தரும் இல்ல. பால் பாக்கெட்டக் கேட்டுல மாட்டிட்டுப் போயிருவான், அதுவும் நா எந்திரிக்கறதுக்கு முன்னால. பேப்பரும் இல்ல. சில நாளு மத்தியானம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். ஒரு தடவ போன்ல யாரோ தப்பா நம்பர் போட்டுக் கூப்புட்டாங்க, "அலோ"ன்னேன், தொண்டை கட்டிப்போயி சத்தமே வரல. சளி புடிக்கல தம்பி, பேசாமப் பேசாம அப்படி ஆயிருச்சு.

பொண்ணா? அவங்க வரலீங்க. மாப்பிள்ளைக்குக் கடைசி நேரத்துல லீவு கேன்சல் ஆயிருச்சு. பெரிய கம்பெனி, அப்படித்தான் இருக்கும். அடுத்த வருசம் கண்டிப்பா வர்றோம்னு சொல்லியிருக்குது. அதுக்கு முந்துன வருசமும் வர்றதாத்தான் இருந்துச்சு, அப்பத் தியாவுக்குக் காது வலி. ஞாயித்துக்கெழமை இப்பவும் கூப்புடறாங்க. எல்லா வாரமும்னு இல்ல. அவங்களுக்கும் சோலி இருக்கும்ல.

தை மாசக் கடைசியில, ஒரு வியாழக்கெழமை, சும்மா உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். உடுமலை பஸ்சு நின்னுச்சு. ஏறி ஒக்காந்துட்டேன். எதுக்குன்னு கேட்டா எனக்கே தெரியாது. மடத்துக்குளத்துல எறங்கி விசாரிச்சுக்கிட்டே அந்தத் தோப்புக்குப் போயிட்டேன். தோப்புக்காரரு கனகராசுன்னு, நல்ல மனுசன். "டீச்சர் வீட்டுக்குப் பக்கத்து வீடுங்க, இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன்"னு சொன்னேன். சொல்லிட்டிருக்கறப்பவே ரோசி பாத்துருச்சுங்க.

எத்தன மாசம் அத வெரட்டியிருப்பேன்! கல்லுகூட எடுத்திருக்கேன், வீசல, ஓங்கியிருக்கேன். "ஏய் ஓடு, ஏய் ஓடு"ன்னு தினமும் கத்தியிருக்கேன். அதுக்கு அதெல்லாம் கணக்கே இல்ல போல. தோப்புக் கடைசியில இருந்து ஓடி வந்து என்ற வேட்டியில மோந்துட்டு, கால்மேல படுத்துருச்சு. நா ஒரு நாளும் அதப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. அன்னைக்குத்தான் "ரோசி"ன்னேன். அழுதுட்டேன் தம்பி. வெக்கமாத்தான் இருக்குது, ஆனா அழுதுட்டேன்.

அதுல இருந்து ஒவ்வொரு வியாழக்கெழமையும் போயிருவேன். ரெண்டு பன்னு வாங்கிக்குவேன். தென்னை மரத்தடியில ஒக்காந்திருப்போம், அது பாட்டுக்குக் கெடக்கும், நா பாட்டுக்கு எதாச்சும் பேசிக்கிட்டிருப்பேன். நாலு மணி பஸ்சுக்குத் திரும்பிருவேன். கனகராசு ஒரு நாள் கேட்டாரு, "ஏனுங்க, இவ்வளவு பிரியமா இருக்கறீங்க, கூட்டிட்டுப் போயிருங்களேன். டீச்சர் ஒரு வார்த்தை போன் பண்ணிச் சொன்னாப் போதும்"னு. அங்கதானுங்க மாட்டிக்கிட்டேன். டீச்சர் சொல்லோணும்னா டீச்சர்கிட்ட நா கேக்கோணும். கேட்டா, ஏன்னு கேப்பாங்க. கணக்கு டீச்சர், விடை மட்டும் சொன்னா விடுவாங்களா? வழியும் சொல்லோணும்.

"டீச்சர்கிட்ட நா வந்தேன்னு சொல்லிராதீங்க"ன்னு கனகராசுகிட்டக் கேட்டுக்கிட்டேன். அவரு சரின்னாரு. ஆனா போன வியாழக்கெழமை அவருக்குப் பொறுமை போயிருச்சு. நா பன்னப் பிச்சுக் குடுத்துட்டிருந்தேன். வந்து முன்னால நின்னாரு.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? சொல்லக்கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், இருந்தாலும் சொல்றேன். டீச்சரும் வாராவாரம் வர்றாங்க. செவ்வாக்கெழமை. இதே மரத்தடியிலதான் ஒக்காந்துட்டுப் போறாங்க. 'பக்கத்து வீட்டுச் சாருக்குத் தெரிய வேண்டாம், தன்னாலதான் நாயி போச்சுன்னு அவர் சங்கடப்படுவாரு'ன்னு எங்கிட்டச் சொல்லியிருக்காங்க. நீங்க வந்து டீச்சர்கிட்டச் சொல்லாதீங்கறீங்க. ஒரே தெருவுல, ஒரே சொவுத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கறீங்க. இதுக்கு ரெண்டு மணி நேரம் பஸ்சு ஏறி என்ற தோப்புக்கு வரோணுங்களா?"

கையில இருந்த பன்ன ரோசிக்குப் போட்டுட்டு எந்திரிச்சுட்டேன். தப்புப் பண்ணுனவன் நானு. எனக்குச் சங்கடம் வந்துரக் கூடாதுன்னு அந்தம்மா ஒளிஞ்சு ஒளிஞ்சு போயிட்டு வர்றாங்க.

இன்னைக்கு என்ன கெழமைங்க தம்பி? ஆமா, செவ்வாக்கெழமை. தெரிஞ்சுதான் வந்தேன்.

அப்புடி மெதுவாப் பாருங்க, சட்டுனு திரும்பாதீங்க. முன்னால லேடீஸ் பக்கம் ரெண்டாவது சீட்டு. வெள்ளையில ஊதாக் கரை போட்ட சேலை, கொண்டை, தோள்ல ஒரு துணிப்பை. அவங்கதான் எஸ்தர் டீச்சர். நா உக்கடத்துல அவங்களுக்கு முன்னாடியே வந்து ஏறி, பின்னால வந்து ஒக்காந்துட்டேன். அவங்க என்னப் பாக்கல. உக்கடத்துல இருந்தே சொல்லிரலாம் சொல்லிரலாம்னு பாத்துக்கிட்டே வர்றேன். சொல்ல முடியல, அதான் உங்ககிட்டச் சொல்லிக்கிட்டிருக்கேன். யாருகிட்டயாச்சும் ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கோணும்ல. நீங்க பாவம், நடுவுல மாட்டிக்கிட்டீங்க.

சரியாச் சொன்னனுங்களா? எதாச்சும் எனக்குச் சாதகமாச் சொல்லிட்டனா? கயிறு விசயம் சொன்னேன்ல. "சரி, விடுங்க"ன்னதும் சொன்னேன். அது முக்கியம், அத விட்டுறக் கூடாது.

பொள்ளாச்சி வந்துருச்சு. பத்து நிமிசம் நிப்பான். ஆளுக எறங்கறாங்க பாருங்க. டீச்சர் பக்கத்துல இருந்த அம்மா கூடையத் தூக்குது. எறங்குது. இப்ப அங்க யாரும் ஏறி ஒக்காந்துட்டா அப்பறம் உடுமலை வரைக்கும் இப்படியே பின்மண்டையப் பாத்துக்கிட்டுத்தான் போகோணும். லேடீஸ் சீட்டுல ஆம்பளை ஒக்காரக்கூடாது, நானே எத்தனை பேர எழுப்பி விட்டிருக்கேன். இருக்கட்டும், கண்டக்டர் கேட்டா எந்திரிச்சு நின்னுக்கறேன். நின்னுக்கிட்டே சொல்றேன்.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க தம்பி. நின்ன பஸ்சுலயே கம்பியப் புடிச்சுக்கறேன் பாருங்க, இத்தனை வருசம் ஓடற பஸ்சுல புடிக்காம நின்னவன்.

போயி நின்னு, மொதல்ல என்னங்க சொல்றது? எடுத்த ஒடனே யூரியான்னு ஆரம்பிக்க முடியுமா? "டீச்சர், இங்க யாராச்சும் வர்றாங்களா?"ன்னு கேக்கறேன். பஸ்சுல எல்லாரும் கேக்கறதுதான. அவங்க இல்லைன்னு சொன்னாங்கன்னா, மத்தத ஒக்காந்து சொல்லிக்கறேன்.